பயணத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை: எனக்கும் மகளுக்கும் தட்கலில் பாஸ்போர்ட் கிடைக்குமா?

கேள்வி: காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில் கிள்ளானில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு அங்கேயே திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. நானும் கணவரும் ஐந்து வயது மகளும் இந்த மாதக் கடைசி வாரத்தில் திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட வேண்டும். அப்பா காலமான பிறகு தம்பியின் கல்யாணத்தில் மூத்தவளாக நின்று செய்ய வேண்டிய சடங்குகள் இருப்பதால், நான் இல்லாமல் தாலி கட்ட மாட்டேன் என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கிறான். எனவே எப்படியும் போய்ச் சேர வேண்டும் என்ற நிலையில் இதை எழுதுகிறேன்.

என்னிடம் பாஸ்போர்ட் இருக்கிறது. ஆனால் அது காலாவதியாக இன்னும் நான்கு மாதங்களே உள்ளன. மலேசியாவுக்குள் நுழையக் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும் என்று விமான நிறுவனத்தில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். திருமணத்துக்கு முன்பு எடுத்த பாஸ்போர்ட் என்பதால் அதில் கும்பகோணத்துப் பிறந்த வீட்டு முகவரிதான் இருக்கிறது, கணவர் பெயரும் இல்லை. இப்போது நாங்கள் திருவரங்கத்தில் குடியிருக்கிறோம். ஆதாரில் திருவரங்கம் முகவரிக்கு மாற்றிவிட்டேன், வாக்காளர் அட்டையில் இன்னும் மாற்றவில்லை. ஆதாரில் என் பெயருடன் முதலெழுத்து மட்டும் இருக்கிறது. பாஸ்போர்ட்டிலோ அப்பாவின் பெயர் முழுமையாகக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் இருக்கிறது. மகளுக்கு இதுவரை பாஸ்போர்ட் எடுத்ததில்லை. கணவரின் பாஸ்போர்ட்டில் சிக்கல் எதுவும் இல்லை. அதில் என் பெயர் மனைவியாகவும் திருவரங்கம் முகவரி இருப்பிடமாகவும் பதிவாகியிருக்கின்றன.

இந்த நிலையில் எனக்கும் மகளுக்கும் தட்கலில் விண்ணப்பித்தால் நேரத்துக்குள் கிடைக்குமா என்பதே என் முதன்மையான கேள்வி. முகவரி மாற்றத்தையும் கணவர் பெயர் சேர்ப்பதையும் இப்போதே செய்தால் காவல்துறை சரிபார்ப்பு வந்து தாமதமாகும் என்று உறவினர் ஒருவர் அச்சமூட்டுகிறார். அப்படியானால் அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா? விமான டிக்கெட்டையும் திருமண அழைப்பிதழையும் அவசரத்துக்குச் சான்றாகக் காட்ட வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையுடன் விளக்கினால் எங்கள் குடும்பமே நன்றியுடையதாக இருக்கும்.

பதில்: தஞ்சைவாசி

வணக்கம் சகோதரி. தஞ்சாவூரில் இணைய மையம் வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது என் அன்றாட வேலைகளில் ஒன்று என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நீங்கள் சொல்லும் கால அளவில் இது முடியக்கூடிய காரியம்தான். ஆனால் இன்றிலிருந்தே வரிசையாகச் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

முதலில் தட்கலின் கால அளவைப் புரிந்துகொள்ளுங்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகு, காவல்துறை சரிபார்ப்பே தேவையில்லாத நிலையில், விண்ணப்பித்த நாளை நீக்கி அடுத்த வேலை நாளில் பாஸ்போர்ட் அனுப்பப்பட வேண்டும் என்பது அவர்களே வகுத்திருக்கும் அளவு. பாஸ்போர்ட் வழங்கிய பிறகு சரிபார்ப்பு நடக்கும் வகையென்றால் மூன்றாவது வேலை நாளுக்குள் அனுப்பப்பட வேண்டும். ஆக, அலுவலகத்தின் உள்ளே செலவாகும் நாட்கள் குறைவு. நான் பார்த்தவரை மக்கள் நாட்களை இழப்பது இரண்டு இடங்களில்தான்: பாஸ்போர்ட் சேவை மையத்துக்குச் செல்ல நேரம் கிடைப்பதில் ஒன்று, ஆவணங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படுவதில் மற்றொன்று. உங்கள் முழுக் கவனமும் இவ்விரண்டின் மேல் இருக்கட்டும்.

நேரம் கிடைப்பதைப் பற்றிச் சொல்கிறேன். திருச்சி மண்டல அலுவலகத்தின் கீழ் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் சேவை மையங்கள் இருக்கின்றன. தட்கலுக்கான இடங்கள் தனி ஒதுக்கீடாக, நாள்தோறும் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் இணையத்தில் திறக்கப்படுகின்றன. அந்த நேரத்தில் விண்ணப்பத்தை முன்பே நிரப்பி, உள்நுழைந்து, தயாராகக் காத்திருப்பவர்களுக்குத்தான் இடம் கிடைக்கிறது, அதற்குப் பிறகு படிவத்தைத் திறப்பவர்களுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. திருச்சியில் இடமில்லை என்றால் மனம் தளராதீர்கள். 2018 முதல் நாட்டின் எந்த மண்டல அலுவலகத்தின் கீழும் விண்ணப்பிக்கலாம் என்று விதி தளர்த்தப்பட்டிருப்பதால் மதுரையிலோ கோவையிலோ சென்னையிலோகூட நீங்கள் நேரம் எடுக்கலாம். எங்கே விண்ணப்பித்தாலும் பாஸ்போர்ட் திருவரங்கத்து வீட்டுக்குத்தான் வரும், சரிபார்ப்பும் அந்த எல்லைக்குட்பட்ட காவல் நிலையத்தில்தான் நடக்கும். சேவை மையத்தின் நேரத்தை ஓராண்டுக்குள் மூன்று முறை வரை மாற்றியமைக்கவும் இடமுண்டு. எனவே கிடைக்கும் முதல் நேரத்தைப் பிடித்துக்கொண்டு, அதைவிட முன்னதாக ஒன்று தென்பட்டால் மாற்றிக்கொள்ளுங்கள்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, பெரியவர்களுக்கு 36 பக்கப் பாஸ்போர்ட்டின் வழக்கமான கட்டணம் 1,500 ரூபாய், தட்கலுக்குக் கூடுதலாக 2,000 ரூபாய். மகளுக்கு அடிப்படைக் கட்டணம் 1,000 ரூபாய். எட்டு வயது வரையிலான குழந்தைகளின் புதிய விண்ணப்பத்துக்கு அடிப்படைக் கட்டணத்தில் 10 விழுக்காடு கழிவும் உண்டு. நேரம் எடுக்கும்போது அடிப்படைக் கட்டணத்தை மட்டும் இணையத்தில் செலுத்துவீர்கள். தட்கலுக்கான கூடுதல் தொகையைச் சேவை மையத்தில் கட்ட வேண்டியிருக்கும் என்பதால் கையில் பணம் வைத்திருங்கள். gov.in என்று முடியும் அரசுத் தளத்தைத் தவிர வேறெதிலும் பணம் செலுத்தாதீர்கள், அந்த முகவரியைத் தமிழில் சொல்வதானால் 'பாஸ்போர்ட்இந்தியா' என்று தொடங்கி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிவது. அதே சாயலில் போலித் தளங்கள் பல இருக்கின்றன, வெளியுறவு அமைச்சகமே அவற்றைப் பற்றி எச்சரித்திருக்கிறது. ஐயம் ஏதேனும் இருந்தால் 1800-258-1800 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

தட்கலில் பெரியவர்கள் குறிப்பிட்ட பட்டியலிலிருந்து மூன்று ஆவணங்களைக் காட்ட வேண்டும். உயர் அதிகாரியிடம் சான்று வாங்கிவரும் பழைய நடைமுறை 2018லேயே நீக்கப்பட்டுவிட்டது. உங்களுக்கு ஆதார், பான் அட்டை, புகைப்படத்துடன் கூடிய வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகிய மூன்றும் பொருத்தமாக இருக்கும். வாக்காளர் அட்டையில் பழைய முகவரி இருப்பதால் அதை முன்வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. பான் அட்டையில் முகவரியே இல்லாததால் முரண்பாட்டுக்கு அதில் இடமில்லை. கணவரின் பாஸ்போர்ட்டில் உங்கள் பெயரும் திருவரங்கம் முகவரியும் இருப்பது உங்களுக்குப் பெரிய பலம், ஏனெனில் கணவன் அல்லது மனைவியின் பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் இருப்பிடச் சான்றாகவே ஏற்கப்படுகின்றன.

அவசரத்துக்கான சான்று எதுவும் தட்கலுக்குத் தேவையில்லை. அழைப்பிதழையும் டிக்கெட்டையும் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் தட்கலில் வழங்குவதா வேண்டாமா என்ற இறுதி முடிவு பாஸ்போர்ட் அலுவலகத்துடையது என்பதை மனத்தில் வையுங்கள்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழின் மூலத்தை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். அது இருந்தால் குடியேற்றச் சோதனை தேவையில்லாத வகைப் பாஸ்போர்ட் கிடைக்கும். சுற்றுலாவாகவோ திருமணத்துக்காகவோ போவதற்கு இந்த வேறுபாடு தடையாகாது. என்றாலும் வேலைக்குச் செல்வோருக்குக் குடியேற்ற அனுமதி கட்டாயமான நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் இருப்பதால், பின்னாளில் பயன்படும்.

பதில்: நெல்லைக்காரன்

தங்கையே, என் அனுபவத்தில் ஒரு சுருக்கமான வழி சொல்கிறேன். முகவரியையும் கணவர் பெயரையும் இப்போது தொடவே தொடாதீர்கள். கும்பகோணம் முகவரியையே வைத்துக்கொண்டு, காலாவதியாகப்போகிறது என்ற ஒரே காரணத்தை மட்டும் காட்டிப் புதுப்பித்தால் எந்த மாற்றமும் இல்லாத விண்ணப்பமாக அது விரைவாக முடிந்துவிடும். பிறந்த வீட்டில் அம்மா இருக்கிறார்கள் அல்லவா, பாஸ்போர்ட்டை அவர்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள். திருமணம் முடிந்து திரும்பி வந்து, நிதானமாக மற்ற மாற்றங்களைச் செய்துகொள்ளலாம். எங்கள் பக்கத்தில் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற வழக்கறிஞர்

சகோதரி, மேலே நெல்லை நண்பர் உங்களுக்கு உதவ வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த ஆலோசனையை ஏற்காதீர்கள் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

விண்ணப்பப் படிவத்தில் கேட்கப்படுவது தற்போது வசிக்கும் முகவரி. வசிக்காத முகவரியைத் தெரிந்தே அங்கே எழுதுவது 1967ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டத்தில் 12ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை, ஐந்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அந்தப் பிரிவு வழிசெய்கிறது. முக்கியமான விவரத்தை மறைத்தோ பொய்யான விவரத்தைத் தந்தோ பெற்ற பாஸ்போர்ட்டை முடக்கவோ ரத்து செய்யவோ 10ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. சிறைக்குப் போகும் அளவுக்கு இது வளரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கும்பகோணத்துக்குச் சரிபார்க்க வரும் காவலரிடம் அக்கம்பக்கத்தார் உண்மையைத்தானே சொல்வார்கள்? "குறிப்பிட்ட முகவரியில் வசிக்கவில்லை" என்று அறிக்கை போனால், விளக்கம் கேட்டு உங்களுக்குக் கடிதம் வரும். நீங்கள் வெளிநாட்டில் இருக்கும்போது அந்தக் கடிதம் வருமானால் அதைவிடச் சங்கடம் வேறில்லை. அதுவுமன்றி, உங்கள் ஆதாரே திருவரங்கத்தைக் காட்டுகிறபோது விண்ணப்பம் கும்பகோணத்தைக் காட்டினால், சேவை மையத்தின் முதல் மேசையிலேயே கேள்வி எழும். விரைவுக்காக எடுக்கும் குறுக்கு வழியே தாமதத்துக்குக் காரணமாகிவிடும்.

காவல்துறை சரிபார்ப்பு என்றவுடன் மக்கள் அஞ்சுவது சாதாரண விண்ணப்ப முறையின் பழக்கத்தால்தான். அங்கே சரிபார்ப்பு அறிக்கை வந்த பிறகே பாஸ்போர்ட் அச்சாகும் என்பதால் அது காலத்தைத் தின்னும். தட்கலில் முறை வேறு. பாஸ்போர்ட் முதலில் வந்துவிடும், சரிபார்ப்பு பின்னால் வரும். ஆகவே முகவரி மாற்றத்தால் உங்களுக்கு ஏற்படக்கூடிய இழப்பு, தஞ்சை நண்பர் சொன்னபடி, முதல் வேலை நாளுக்குப் பதில் மூன்றாவது வேலை நாள் என்ற அளவே. அந்த இரண்டு நாள் வேறுபாட்டுக்காக ஒரு பொய்யைப் பத்தாண்டுகள் சுமக்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை.

கணவர் பெயரையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். 2016 டிசம்பரில் விதிகள் எளிமையாக்கப்பட்டபோது திருமணச் சான்றிதழ் கட்டாயம் என்ற நிலை நீங்கியது. இருந்தாலும் உங்களிடம் பதிவுச் சான்றிதழ் இருக்குமானால் எடுத்துச் செல்லுங்கள், ஒரு தாள் கூடுதலாகப் பையில் இருப்பதால் நட்டமில்லை. ஆனால் ஒன்றில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கணவர் பெயரைக் கணவருக்குரிய கட்டத்தில் சேர்ப்பது வேறு, உங்கள் பெயரையே மாற்றிக் கணவர் பெயரைக் குடும்பப் பெயராக்குவது வேறு. இரண்டாவது, பெயர் மாற்றம் என்ற வகையில் சேரும். அதற்கு ஆவணங்கள் கூடுதலாக வேண்டும், தட்கலில் ஏற்கப்படாமல் போகவும் வாய்ப்புண்டு. எனவே உங்கள் பெயர் இப்போது பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கட்டும்.

ஆதாரில் முதலெழுத்தும் பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயரும் இருப்பது தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாருக்கும் உள்ள நிலைமை. நம் ஊர் மையங்களின் அலுவலர்கள் நாள்தோறும் இதைப் பார்க்கிறார்கள். தந்தையின் பெயர் இடம்பெறும் பான் அட்டையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் கையில் இருந்தால் அந்த எழுத்து யாருடையது என்பது தானாக விளங்கிவிடும்.

சரிபார்ப்பைப் பற்றி ஒரு வேண்டுகோள். நீங்கள் மலேசியாவில் இருக்கும் நாட்களிலேயே காவலர் வீட்டுக்கு வரக்கூடும். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் நீங்களும் கணவரும் உங்கள் எல்லைக் காவல் நிலையத்துக்குச் சென்று, பயண விவரத்தைச் சொல்லி, ஆவண நகல்களைக் காட்டிவிட்டு வாருங்கள். விண்ணப்பம் அங்கே வந்து சேர்ந்திருந்தால் அப்போதே முடித்துக்கொடுக்கும்படி கேட்கலாம். விண்ணப்பத்தில் கொடுத்த கைபேசி எண்ணை வெளிநாட்டிலும் அழைப்பு வரும் நிலையில் வைத்திருங்கள், வீட்டுக்காரரிடமும் அண்டை வீட்டாரிடமும் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

தொடர் கேள்வி: காவிரிக்கரை

ஐயா, உங்கள் பதிலைப் படித்த பிறகுதான் மனம் அமைதியடைந்தது. கணவரும் நானும் பேசி, உண்மையான முகவரியுடன், கணவர் பெயரையும் சேர்த்தே விண்ணப்பிப்பது என்று முடிவு செய்துவிட்டோம். நெல்லை அண்ணனுக்கும் நன்றி, அவர் சொன்னதால்தான் இந்தச் செய்தியை இவ்வளவு தெளிவாகத் தெரிந்துகொள்ள முடிந்தது.

மகளின் ஆவணங்களை இன்று எடுத்துவைத்தபோது புதிய சிக்கல் ஒன்று தெரிந்தது. கும்பகோணத்தில் மருத்துவமனையில் பிறந்தவள். பிறந்த சில நாட்களிலேயே வாங்கிய பிறப்புச் சான்றிதழ் என்பதால் அதில் குழந்தையின் பெயர் இல்லை. எங்கள் பெயர்களும் பிறந்த தேதியும் மட்டுமே இருக்கின்றன. ஆதாரும் பள்ளி அடையாள அட்டையும் பெயருடன் இருக்கின்றன. பெயரில்லாத சான்றிதழுடன் போனால் ஏற்பார்களா? விண்ணப்பிக்கும் நாளில் கணவரும் கட்டாயம் வர வேண்டுமா? அவருக்கு விடுப்புக் கிடைப்பது சற்றுக் கடினம்.

பதில்: இரு பிள்ளைகளின் தாய்

தோழி, பெயரில்லாத சான்றிதழுடன் போகாதீர்கள். உங்களுக்கான நேரத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, நாளைக் காலையில் முதல் வேலையாக இதைத் தொடங்குங்கள். பிறப்பு எங்கே பதிவானதோ அங்கேதான் பெயரைச் சேர்க்க முடியும் என்பதால் நீங்கள் கும்பகோணம் மாநகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவை அணுக வேண்டும். பதிவான நாளிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் என்றால் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் பதினைந்து ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். ஐந்து வயதுக் குழந்தைக்கு வழி திறந்தே இருக்கிறது. பெற்றோரின் விண்ணப்பம், இருவரின் ஆதார் நகல்கள், மகளின் ஆதார் நகல், பழைய சான்றிதழ் ஆகியவற்றுடன் செல்லுங்கள். பெயர் சேர்க்கப்பட்ட பிறகு புதிய சான்றிதழை இணையத்திலேயே பதிவிறக்கிக்கொள்ளவும் வசதி இருக்கிறது.

இங்கே நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பிறப்புச் சான்றிதழில் பெயரை எழுதிக்கொடுக்கும்போது ஆதாரில் ஆங்கிலத்தில் உள்ள எழுத்துகளைப் பார்த்து, ஓர் எழுத்தும் மாறாமல் கொடுங்கள். முதலெழுத்து முன்னாலா பின்னாலா, நெடில் ஒலிக்கு ஓர் எழுத்தா இரண்டு எழுத்தா என்பது போன்ற சின்னஞ்சிறு வேறுபாடுகள்தான் சேவை மையத்தில் பெரியவையாகிவிடுகின்றன. ஒருமுறை பெயர் சேர்த்த பிறகு அதைத் திருத்துவது, பெயர் சேர்ப்பதைவிடக் கடினமான வேலை. எழுத்தர் தட்டச்சு செய்யும்போதே திரையைப் பார்த்துச் சரிபார்த்துவிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

2023 அக்டோபர் 1ஆம் தேதிக்கும் அதன் பிறகும் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கான சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஏற்கப்படும் என்று 2025இல் விதி திருத்தப்பட்டிருக்கிறது. உங்கள் மகள் அதற்கு முன்பே பிறந்தவள் என்பதால் அந்தக் கட்டாயம் அவளுக்கு இல்லை. இருந்தாலும் ஐந்து வயதுக் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழும் ஆதாருமாகச் சேர்ந்து இருப்பதே யாரும் கேள்வி கேட்க முடியாத அடிப்படை. இந்தப் பயணம் முடிந்தபின் பள்ளி, கல்லூரி என்று வாழ்நாள் முழுவதும் அவளுக்கு அது தேவைப்படும்.

கணவர் நேரில் வராவிட்டாலும் முடியும். பெற்றோரில் ஒருவர் குழந்தையுடன் இருந்தால் போதும். ஆனால் குழந்தைக்குப் பாஸ்போர்ட் வழங்கப் பெற்றோர் இருவரும் சம்மதிப்பதாகக் கூறும் 'அனெக்சர் டி' என்ற உறுதிமொழியில் இருவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். படிவம் அரசுத் தளத்திலேயே இருக்கிறது, அச்செடுத்து முந்தைய நாளே கணவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அவரது பாஸ்போர்ட்டின் மூலத்தையும், அவர் கையொப்பமிட்ட நகலையும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் பழைய பாஸ்போர்ட்டையும் மகளின் விண்ணப்பத்துக்காகக் காட்ட வேண்டியிருக்கும். அதே பாஸ்போர்ட்டை உங்கள் விண்ணப்பத்தின்போது ரத்து முத்திரையிட்டுத்தான் திருப்பித் தருவார்கள். ஆகவே முடிந்தவரை இருவருக்கும் ஒரே மையத்தில் ஒரே நாளில், அடுத்தடுத்த நேரங்களில் முன்பதிவு செய்து, தாயும் மகளும் சேர்ந்தே விண்ணப்பிப்பதை மேசையில் இருப்பவரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனி நேரம் என்பதை மறக்க வேண்டாம்.

மகளுக்கும் தட்கலே எடுங்கள். பெற்றோர் இருவரிடமும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருக்கும்போது குழந்தைக்குப் பொதுவாகக் காவல்துறை சரிபார்ப்பு வராது. ஆனால் உங்கள் பழைய பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் இல்லாததால் அலுவலர் அதைக் கேட்கக்கூடும். சாதாரண முறையில் விண்ணப்பித்து அப்படியொரு முடிவு வந்துவிட்டால், நீங்கள் கிளம்பும் நாளில் குழந்தையின் பாஸ்போர்ட் வந்திருக்காது. அந்த ஆபத்தை 2,000 ரூபாய்க்காக ஏற்க வேண்டாம்.

மையத்துக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். டோக்கன் வாங்கியதும் 'ஏ' மேசையில் டிசிஎஸ் நிறுவனப் பணியாளர்கள் ஆவணங்களை வருடி எடுத்து, புகைப்படமும் கைரேகையும் பதிவு செய்வார்கள். 'பி' மேசையில் அரசு அலுவலர் ஆவணங்களைச் சரிபார்ப்பார், 'சி' மேசையில் வழங்குவதற்கான முடிவு எடுக்கப்படும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத்தான் வெள்ளைப் பின்னணியில் எடுத்த படம் கொண்டுபோக வேண்டும், உங்கள் மகளை அங்கேயே படமெடுத்துவிடுவார்கள். 'ஏ' மேசையில் திரையில் தெரியும் எழுத்துகளை நிதானமாகப் படியுங்கள். பிழை இருந்தால் அந்த இடத்தில் சொல்வதுதான் எளிது. குழந்தைக்குப் பசித்தால் வரிசையில் நிற்கப் பொறுமை இருக்காது, ஏதாவது சாப்பிட வைத்துக் கூட்டிச் செல்லுங்கள்.

பதில்: தஞ்சைவாசி

தோழியார் மிகத் தெளிவாக எழுதிவிட்டார். பெயர் சேர்க்கும் வேலை இடையில் வந்திருப்பதால் மட்டும் ஒரு யோசனை. மகளுக்கான விண்ணப்பத்தை இன்றே நிரப்பிச் சேமித்து வையுங்கள், ஆனால் புதிய பிறப்புச் சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்பதை மாநகராட்சியில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு நேரத்தை உறுதி செய்யுங்கள். சான்றிதழ் தாமதமாகும் என்று தெரிந்தால் உங்களுடைய விண்ணப்பத்தை முதலில் முடித்துவிட்டு மகளுக்குப் பின்னர் போகலாம். அந்தச் சூழலில் உங்கள் புதிய பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு அவளுக்கு விண்ணப்பித்தால், கணவர் பெயரும் திருவரங்கம் முகவரியும் மூவருக்கும் ஒரே மாதிரியாக இருக்கும் என்ற நன்மையும் உண்டு. எது உங்களுக்கு ஏற்றது என்பது கும்பகோணத்திலிருந்து வரும் பதிலைப் பொறுத்தது.

இதோடு, பயணத்தைத் தள்ளிவைப்பதற்கான ஒரு தேதியை இப்போதே மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். விமான நிறுவனத்திடம் தேதி மாற்றக் கட்டணம் எந்த நாளுக்குப் பிறகு கூடுகிறது என்று கேட்டு, அந்த நாளுக்குள் பாஸ்போர்ட் அனுப்பப்பட்டுவிட்டதாகத் தகவல் வராவிட்டால் டிக்கெட்டை மாற்றிவிடுவது என்று குடும்பமாக முடிவெடுத்துவிட்டால், கடைசி நாட்களில் பதற்றம் குறையும். மருத்துவ அவசரம், குடும்பத்தில் இறப்பு போன்ற நிலைகளில் மண்டலப் பாஸ்போர்ட் அதிகாரியை நேரில் சந்தித்து முறையிடலாம். திருமணத்தை அந்த வகையில் ஏற்பார்கள் என்று நம்பி நாட்களைக் கடத்த வேண்டாம். பணம் கொடுத்தால் நாளைக்கே நேரம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் தரகர்களிடமும் போகாதீர்கள். அவர்களும் உங்களைப் போல அதே தளத்தில் அதே நேரத்தில்தான் முயல்கிறார்கள், உங்கள் கடவுச்சொல்லும் ஆதாரும் வீணாக அவர்கள் கையில் போய்ச் சேரும்.

பாஸ்போர்ட் விரைவு அஞ்சலில் வரும், விண்ணப்பதாரரின் கையில்தான் கொடுப்பார்கள். அனுப்பப்பட்டதும் கண்காணிப்பு எண் குறுஞ்செய்தியாக வந்துவிடும். அந்த இரண்டு மூன்று நாட்களில் கும்பகோணத்துக்கோ வேறெங்குமோ போகாமல் வீட்டில் இருங்கள், அஞ்சல்காரர் வரும்போது ஆதாரைத் தயாராக வைத்திருங்கள். வீடு பூட்டியிருந்து உறை மண்டல அலுவலகத்துக்கே திரும்பிவிட்டால் அதை மீண்டும் பெறுவது தனிப் போராட்டம்.

புதுப்பிக்கும்போது எண் மாறிவிடும் என்பதால், டிக்கெட்டில் பழைய பாஸ்போர்ட் எண் கொடுத்திருந்தால் விமான நிறுவனத்தின் தளத்தில் புதிய எண்ணைப் பதிவு செய்யுங்கள். இந்தியர்களுக்கு 2026 இறுதி வரை மலேசியாவில் 30 நாள் தங்குவதற்கு விசா தேவையில்லை. ஆனால் மலேசிய மின்னணு வருகை அட்டையை, அங்கே இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மூவருக்கும் தனித்தனியாக நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது. அதில் மகளின் பெயரைப் புதிய பாஸ்போர்ட்டைப் பார்த்து நிரப்புங்கள். கும்பகோணத்தில் என்ன சொன்னார்கள் என்பதை நாளை மாலை இங்கே எழுதினால், எந்த மையத்தில் எந்த நாளுக்கு இடம் தெரிகிறது என்று நானும் பார்த்துச் சொல்கிறேன்.